பூட்டு விளையாட்டு

இளையவள் அந்தப் பேச்சை எடுத்த நாளிலிருந்து அந்த வீட்டில் கதவுகள் கொஞ்சம் பலமாகவே சாத்தப்பட்டன.

பேச்சு இதுதான். தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் பள்ளிக்கூடத்தில் மகளைச் சேர்க்க வேண்டும். இடம் கிடைத்துவிட்டால் அந்தப் பக்கமே ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட வேண்டும். "பள்ளிக்கூடம் தூரம், அதனாலதான்" என்று அவள் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். பள்ளிக்கூடம் ஒரு சாக்கு என்பது தலையாட்டிய எல்லோருக்கும் தெரியும்.

அவள் கணவன், லிஃப்ட் மெக்கானிக், "உன் இஷ்டம்" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அதைத் தவிர வேறு பதில் சொன்னதில்லை. பேருந்து டிப்போவில் டைம் கீப்பராக இருக்கும் அவனுடைய அண்ணன், மடித்து வைத்த செய்தித்தாளை மறுபடி பிரித்துக்கொண்டார். அண்ணன் மனைவி, வீட்டின் மூத்தவள், தையல் மிஷினில் நூல் அறுந்துவிட்டது என்று குனிந்தாள். நூல் அறுந்திருக்கவில்லை.

மூத்தவளுக்குக் குழந்தை இல்லை. இளையவள் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, அழுத குழந்தையை மூத்தவள் மடியில் போட்டுவிட்டு ஓடினாள். குழந்தை அந்த மடியிலேயே தங்கிவிட்டது. மிளகு என்று செல்லப்பேர் வைத்தவளும் மூத்தவள்தான். சின்னதாக, கறுப்பாக, காரமாக இருக்கிறாளாம்.

மூத்தவளுக்குப் பள்ளிச் சீருடை தைக்கும் வேலை. வெட்டிப்போட்ட துண்டுத் துணிகள் எல்லாம் மேஜைக்கடியில் குவிந்திருக்கும். மிளகின் ராஜ்ஜியம் அங்கேதான். நீலத் துண்டு கடல். காக்கித் துண்டு ரோடு. பித்தான்களெல்லாம் ஜனங்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த ஜனங்களுக்காக அவளே சண்டை போடுவாள், அவளே சமாதானம் பேசுவாள், வாய் ஓயாது.

வேலை முடிந்து வரும் இளையவள், "வாடி என் தங்கம்" என்று கை நீட்டுவாள்.

"இரும்மா. பெரியம்மாவுக்குப் பித்தான் எடுத்துக் குடுக்கணும்" என்று மேஜைக்கடியிலிருந்து பதில் வரும்.

நீட்டிய கை நீட்டியபடி நிற்கும். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, தினமும். தனி வீடு பார்க்கச் சொன்னது அந்தக் கைதான்.

இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இன்டர்வியூ.

காலையில் இளையவள் குளிக்கப் போயிருந்தாள். மூத்தவள் மிளகைத் தன் முன்னால் உட்காரவைத்துச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னலை இரண்டு முறை அவிழ்த்து மறுபடி போட்டுவிட்டாள்.

"மிளகு, ஒரு விளையாட்டு விளையாடலாமா?"

"என்ன விளையாட்டு?"

"பூட்டு விளையாட்டு. அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள காலை வச்சதும் உன் வாய்க்குப் பூட்டு. யார் என்ன கேட்டாலும் திறக்கக் கூடாது."

"அம்மா கேட்டா?"

"அம்மா கேட்டாலும்."

"சாக்லேட் குடுத்தா?"

"வாங்கிக்கோ. வாயை மட்டும் திறக்காத."

"அப்புறம் எப்படித் திங்கறதாம்?"

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"வெளியே வந்து திங்கலாம். நீ ஜெயிச்சுட்டா எப்பவும் பெரியம்மாகூடவே இருக்கலாம்."

"தோத்துட்டா?"

"உன்னைத் தூரமாக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. பெரியம்மா இங்க தனியா இருக்கணும்."

மிளகு திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். "நீ அழுவியா?"

"அழுவேன்."

"அப்ப நான் ஜெயிச்சுடறேன்" என்றாள் மிளகு. உதட்டை உள்ளே மடித்து, கன்னத்தை உப்பிக் காட்டினாள். அப்புறம் புஸ்ஸென்று காற்றை விட்டுவிட்டு, "இப்பப் பேசலாம்ல? இன்னும் பள்ளிக்கூடம் வரலல்ல?" என்று கேட்டாள்.

இளையவள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "அக்கா, நீங்களும் கூட வாங்க. நீங்க இல்லன்னா இவ அங்க ரகளை பண்ணுவா."

அப்படிக் கேட்பதே அவளுக்குக் கசப்பாக இருந்தது. இருந்தாலும் கேட்டாள்.

"வர்றேன்" என்றாள் மூத்தவள். பையில் தண்ணீர் பாட்டிலையும் மிளகுக்கு ஒரு மாற்று உடையையும் வைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்து வரவேற்பறையில் சுவரெல்லாம் விலங்குகள். ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து கூரையில் முட்டி வளைந்திருந்தது. அதன் கீழே நாற்காலிகளில் பெற்றோர்கள் உட்கார்ந்து, தங்கள் பிள்ளைகளை உருப்போட வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தகப்பன் மகனின் தொடையைத் தட்டித் தட்டி வாரத்தின் நாட்களைச் சொல்ல வைத்தான். பையன் வியாழக்கிழமையை விழுங்கும்போதெல்லாம் தட்டு கொஞ்சம் பலமாக விழுந்தது.

"நாமளும் ஒரு தடவை சொல்லிப் பார்ப்போமா?" என்றாள் இளையவள். "ஆரஞ்சுப் பழம் என்ன கலர்?"

மிளகு ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தாள்.

"என்னடி உம்முனு இருக்க? தண்ணி வேணுமா?"

மிளகு தலையாட்டினாள். பாட்டிலை வாங்கி மூச்சு விடாமல் குடித்தாள். பேச முடியாத வாய்க்கு வேறு வேலை கிடைத்ததில் சந்தோஷம் போல, காலியாகும் வரை குடித்தாள்.

"பயந்துட்டாபோல" என்றாள் மூத்தவள், யாரையும் பார்க்காமல்.

"நீங்க பக்கத்துல இருக்கறப்ப அவளுக்கு என்ன பயம்?" என்றாள் இளையவள்.

உள்ளே கூப்பிட்டார்கள். அம்மாவும் குழந்தையும் மட்டும் வரலாம் என்றார்கள். மூத்தவள் நாற்காலியிலேயே இருந்துவிட்டாள்.

தலைமை ஆசிரியை இளையவளைப் பார்த்ததும் கண்ணாடியை உயர்த்தினார். "அட, எதிர்ல லேப்ல ரத்தம் எடுக்கறவங்கதானே நீங்க? என் கையில நரம்பு உங்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். மத்தவங்க குத்திக் குத்திக் கையைச் சல்லடையாக்கிடறாங்க."

இளையவளுக்குப் பாதி உயிர் வந்தது. இடம் கிடைத்தமாதிரிதான் என்று நினைத்தாள்.

"உன் பேர் என்ன கண்ணு?"

மிளகு சிரித்தாள்.

"பேர் சொல்லும்மா."

இன்னும் நன்றாகச் சிரித்தாள். வாய் திறக்கவில்லை.

பக்கத்திலிருந்த இளம் டீச்சர் ஒரு கூடையைக் கவிழ்த்தாள். மரக்கட்டைகள், பந்துகள். "இதுல சிவப்பு எது? டீச்சருக்குச் சொல்லுவியாம்."

மிளகின் கண் சிவப்புப் பந்துமேல் போய் நின்றது. கை எழுந்தது. எடுத்துக் கொடுப்பதும் பேச்சில் சேர்த்தியோ என்னவோ என்று சந்தேகம் வந்து, கை மறுபடி மடிக்குத் திரும்பியது.

"வீட்ல வாயே மூடாது மேடம்" என்றாள் இளையவள்.

"எல்லா அம்மாவும் அதையேதான் சொல்றாங்க" என்றார் தலைமை ஆசிரியை.

பூனைப் படத்தைக் காட்டினார்கள். பாட்டுப் பாடச் சொன்னார்கள். சாக்லேட் கொடுத்தார்கள். மிளகு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். இளையவள் முகத்தில் சிரிப்பை அப்படியே வைத்தபடி, மேஜைக்கடியில் கையை விட்டு மகளின் தொடையைப் பிடித்துக் கிள்ளினாள். நகம் பதியும்வரை விடவில்லை.

மிளகின் கண்ணில் நீர் திரண்டது. உதடு இன்னும் இறுகியது.

அதற்குள் அவளுக்கு வேறு ஒரு அவசரம். குடித்த தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு கால்களையும் சேர்த்து இறுக்கினாள். அம்மாவைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே பெரியம்மா உட்கார்ந்திருக்கும் திசையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் தோற்றுவிடுவாள்.

"என்னம்மா நெளியற? ஏதாவது வேணுமா? வேணும்னா வாயைத் திறந்து கேளு" என்றார் தலைமை ஆசிரியை.

மிளகு கேட்கவில்லை. நாற்காலியிலிருந்து சொட்டி, தரையில் ஓடி, மேஜைக்கடிக்குப் போயிற்று. தலைமை ஆசிரியை தன் செருப்புக் கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஆயாவைக் கூப்பிடுங்க. துணியோட வரச் சொல்லுங்க." பிறகு இளையவளிடம் குரலைத் தாழ்த்தினார். "பேச்சு வராத பிள்ளைங்களுக்குன்னு தனியா இடம் இருக்கும்மா. அங்க காட்டுங்க. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல."

வெட்கப்படும்படியாகவே சொன்னார். இளம் டீச்சர் அடுத்தவர்களைக் கூப்பிட எழுந்துவிட்டாள்.

வெளியே வந்ததும் இளையவள் மகளின் கையை உதறினாள். வியாழக்கிழமைப் பையனும் அவன் தகப்பனும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்ப்பது தெரிந்தே பேசினாள்.

"நாய்க்குட்டிகூட வாசலுக்குப் போய் நிக்கும்டி. அதுக்கு இருக்கற அறிவுகூட உனக்கு இல்ல. உன்னைப் பெத்ததுக்கு ஒரு கல்லைப் பெத்திருக்கலாம்."

மிளகு நனைந்த உடையோடு நின்றாள். மூத்தவள் பையை எடுத்துக்கொண்டு அவளைக் கழிவறைப் பக்கம் அழைத்துப்போனாள்.

இளையவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். தினமும் எத்தனையோ பிள்ளைகளிடம் கையை நீட்டச் சொல்லி, வலிக்காது என்று பொய் சொல்லி, வலித்ததும் கட்டிக்கொண்டு சமாதானம் செய்கிறவள் அவள். சொந்தப் பிள்ளையைக் கிள்ளிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்டு மடியில் தூக்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் அவளும் கழிவறைப் பக்கம் போனாள்.

கதவு முக்கால் உயரம்தான். உள்ளே கிசுகிசுப்பாகக் குரல் கேட்டது.

"இங்க பேசலாமா பெரியம்மா?"

"பேசலாம்."

"பூட்டைத் திறக்கவே இல்ல நான். ஒண்ணுக்கு முட்டிச்சு, அப்பவும் சொல்லல. அம்மா இங்க கிள்ளினா பாரு. அப்பவும் கத்தல. ஜெயிச்சுட்டேனா?"

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"ஜெயிச்சுட்டடி ராஜாத்தி."

"அப்ப ஏன் அழற? தோத்தாத்தானே அழுவேன்னு சொன்ன?"

இளையவள் கதவைத் தள்ள வைத்த கையை எடுத்துவிட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் கத்துவாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இப்போது கத்தவில்லை. கிடைக்காத நரம்பைத் தேடும்போது அவள் முகம் எப்படி ஆகுமோ, அப்படி ஆகியிருந்தது. அசையாமல், மூச்சுகூட அளவாக.

திரும்பி நடந்து, அனுமதி கேட்காமல் தலைமை ஆசிரியையின் அறைக்குள் போனாள்.

"மேடம், இன்னும் ஒரே தடவை."

"எல்லாருக்கும் ஒரு தடவைதான்மா."

"கடைசிப் பிள்ளையும் போனதுக்கப்புறம். அப்பவும் பேசலன்னா நானே கூட்டிட்டுப் போயிடறேன்." அவர் கையைப் பார்த்தாள். "இந்த வாரமும் டெஸ்ட்டுக்கு வருவீங்கல்ல? நானே எடுக்கறேன். நான் இல்லன்னா அந்தப் புதுப் பொண்ணுதான் எடுக்கும்."

தலைமை ஆசிரியை தன் முழங்கையின் உள்பக்கத்தைத் தடவிக்கொண்டார். அது மிரட்டலா பாசமா என்று அவருக்கு விளங்கவில்லை. "கடைசியா வாங்க" என்றார்.

பின்பக்கம் ஒரு விளையாட்டுத் திடல். மணல் குழிக்கருகே மூத்தவள் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உடை மாற்றிய மிளகு மணலில் சாக்லேட் காகிதத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். இளையவள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"பூட்டு விளையாட்டு நல்லா இருந்துச்சு அக்கா."

மூத்தவளின் கை பையின் வாரைப் பிடித்தது.

"கதவுக்கு வெளியிலதான் நின்னேன். எல்லாம் கேட்டேன்."

"எனக்கு... அவ போயிட்டா எனக்கு என்ன இருக்கும்மா? தப்புதான். இதோ, விளையாட்டு முடிஞ்சுது, பேசுன்னு சொல்லிடறேன். கணீர்னு பேசுவா. இடம் கிடைச்சுடும்."

"அது போதாது."

"வேற என்ன?"

"நீங்க மூடச் சொன்னா மூடறா. நீங்க திறக்கச் சொன்னா திறப்பா. எனக்கு அந்தப் பேச்சு வேண்டாம்." இளையவள் மணல் குழியைப் பார்த்தபடியே பேசினாள். "உங்களுக்கு அவளைப் பிடிக்கலன்னு சொல்லுங்க. இனிமே உங்ககிட்ட வரக் கூடாதுன்னு சொல்லுங்க. நீங்களே சொல்லணும். நான் சொன்னா அவ நம்ப மாட்டா."

"அது குழந்தைம்மா."

"காலையில அது குழந்தைன்னு தெரியலயா?"

மூத்தவள் பையின் வாரை விரலில் சுற்றினாள்.

"இல்லன்னா இன்னிக்குச் சாயங்காலம் உங்க வீட்டுக்காரர் காதுல போடறேன். பிள்ளை இல்லாதவகிட்ட பிள்ளையை விட்டா என்ன ஆகும்னு அவரும் தெரிஞ்சுக்கட்டும். தெருவும் தெரிஞ்சுக்கட்டும்."

இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை அது. இளையவளுக்கும் அது தெரியும். ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

மூத்தவள் எழுந்தாள். "மிளகு, இங்க வா."

மிளகு மணல் கையோடு ஓடி வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் உதட்டை மடித்துக்கொண்டாள்.

"பேசலாம். விளையாட்டெல்லாம் ஒண்ணும் இல்ல." மூத்தவளின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "பெரியம்மாவுக்கு உன்னைப் பிடிக்கல. நீ நாள் பூரா தொணதொணன்னு பேசறது தலைவலி. அதனாலதான் பேசாதன்னு சொன்னேன். இனிமே என் மேஜைக்கிட்ட வராத."

தலைவலி என்று சொல்லும்படி இளையவள் கேட்கவில்லை. அரைத் தையல் போட்டால் பிரிந்துவிடும் என்று அவளாகவே சேர்த்துக்கொண்டாள்.

மிளகு சிரித்தாள். "இதுவும் விளையாட்டா?"

மூத்தவள் இளையவளைப் பார்த்தாள். இளையவள் பார்வையை விலக்கவில்லை.

"இல்ல" என்றாள் மூத்தவள்.

"நான் தோத்துட்டேனா?"

மூத்தவள் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கேட்டைத் தாண்டிப் பேருந்து நிறுத்தத்துக்குப் போகும்வரை திரும்பிப் பார்க்கவே இல்லை. திரும்பியிருந்தால், மிளகு அழுதுகொண்டே பின்னால் ஓடி வரவில்லை என்பதைக் கண்டிருப்பாள். மிளகு நின்ற இடத்திலேயே நின்று, கையிலிருந்த மணலை உடையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா இருக்கேன்ல" என்று இளையவள் கை நீட்டினாள்.

மிளகு வந்தாள். உடனே வந்தாள். எத்தனையோ சாயங்காலங்களாக இளையவள் காத்துக்கொண்டிருந்தது இதற்குத்தான். தூக்கியபோது குழந்தை கட்டைபோல இருந்தது. கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை.

கடைசிப் பிள்ளையும் போனபிறகு இளையவள் மகளோடு உள்ளே போனாள். ஈரம் துடைத்த இடத்தில் வேறு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"உன் பேர் என்ன கண்ணு?"

வீட்டில் யாரும் கூப்பிடாத தன் முழுப் பேரையும் மிளகு சொன்னாள். சிவப்புப் பந்தை எடுத்துக் கொடுத்தாள். கேட்காமலே நீலத்தையும் மஞ்சளையும் கொடுத்தாள். பூனை என்றாள். பாட்டு ஒன்றைக் கடைசி வரி வரைக்கும் பாடினாள். குரல் கணீரென்று இருந்தது. எல்லாம் சரி. முகத்தில்தான் ஒன்றும் இல்லை. அதற்கு அங்கே மார்க் கிடையாது.

"அடேயப்பா!" என்றார் தலைமை ஆசிரியை. "இதெல்லாம் காலையில எங்க ஒளிச்சு வச்சிருந்த? சரி, உங்க வீட்ல யார் யார் இருக்காங்க?"

"அம்மா, அப்பா, பெரியப்பா."

"அவ்ளோதானா? காலையில உங்ககூட ஒருத்தங்க வந்தாங்களே?"

மிளகு கொஞ்சம் யோசித்தாள்.

"அவங்க துணி தைக்கிறவங்க" என்றாள்.

பெரியம்மாவிடம் அவள் 'நீ' என்றுதான் பேசுவாள். 'அவங்க' என்று சொல்லி இளையவள் கேட்டதே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.   

இடம் கிடைத்துவிட்டது. சீருடைக்கான துணியையும் அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இளையவள் நேரே தையல் அறைக்குப் போனாள். துணிப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள்.

"தைச்சுடுங்க அக்கா. அளவு உங்களுக்குத்தான் தெரியும்."

மூத்தவள் பொட்டலத்தைப் பிரித்தாள். துணியை விரித்து, இழை ஓடும் திசை பார்த்துத் தடவினாள். "கொஞ்சம் சுருங்கற துணி. நீளம் விட்டுத் தைக்கறேன்" என்றாள்.

மிளகு வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றாள். மேஜைக்கடியில் அவளுடைய கடலும் ரோடும் விட்டது விட்டபடி கிடந்தன. ஜனங்கள் குப்புற விழுந்திருந்தார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள். பிறகு கூடத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். காலை ஆட்டவில்லை.

மிஷின் ஓடத் தொடங்கியபோது லிஃப்ட் வேலை முடிந்து சின்னவன் வந்தான். நகக்கண்ணில் கிரீஸ். செருப்பைக் கழற்றிக்கொண்டே மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"என்ன ஆச்சு?"

"இடம் கிடைச்சுடுச்சு."

அவன் ஒரு செருப்போடு நின்றான். "எப்படி? மறுபடியும் கூப்பிட்டாங்களா?"

சொன்னபிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்தது.

"மறுபடியுமா?" என்றாள் இளையவள். "முதல் தடவை என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு யார் சொன்னா? நான் இன்னும் வாயே திறக்கலயே."

"அது... அண்ணி போன் பண்ணினாங்க."

"அண்ணி உங்களுக்குப் போன் பண்ணினாங்களா?" அவள் தையல் அறையின் பக்கம் திரும்பினாள். "அக்கா! இவருக்கு நீங்க போன் பண்ணீங்களா?"

மிஷின் நின்றது.  சின்னவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்க அவனுக்கு வேண்டிய அவகாசம் இருந்தது. திறக்கவில்லை.

"ஆமாம்மா" என்றது மூத்தவளின் குரல். "நான்தான் பண்ணினேன்."

"பண்றதையும் பண்ணிட்டு, ஊரெல்லாம் போன் வேறயா?" பகல் முழுக்க அடக்கி வைத்திருந்த கத்தல் இப்போது வெளியே வந்தது. "வெக்கமா இல்ல? என் பிள்ளையை நாலு பேர் முன்னாடி நனைய விட்டுட்டு, அதை என் புருஷன்கிட்டயே சொல்லிச் சிரிச்சீங்களா?"

மிஷின் மறுபடி ஓடியது. மூத்தவள் தைத்துக்கொண்டிருந்தாள். சின்னவன் இன்னொரு செருப்பையும் கழற்றி, இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்தான்.

"என்ன சத்தம் இது? தெருமுனை வரைக்கும் கேக்குது."

டிப்போவிலிருந்து வந்த பெரியவர் வாசலில் நின்றார். கத்திக்கொண்டிருந்தவள் வாயை மூடினாள். அவர் தம்பியைப் பார்த்தார். அவன், "ஒண்ணுமில்லண்ணே" என்றான்.

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு சத்தம்? என்ன நடந்துச்சு? யாராவது சொல்லுங்களேன்."

 நாற்காலியிலிருந்து மிளகு இறங்கினாள். பள்ளிக்கூடத்தில் நின்றதுபோல கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நேராக நின்றாள்.

"நான் சொல்றேன் பெரியப்பா. நேத்து அப்பா அவங்ககிட்ட வந்து, 'எப்படியாவது இவளைப் பேச விடாம பண்ணிடுங்க. இடம் கிடைக்கலன்னா இவ அம்மா தனி வீட்டுப் பேச்சை விட்டுடுவா. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு சொன்னாங்க. நான் மேஜைக்கடியில இருந்தேன்."

"ஏய், உள்ளே போ" என்றான் சின்னவன்.

பெரியவர் தம்பியைப் பார்க்கவில்லை. குழந்தையின் முன்னால் குனிந்தார். "யார்கிட்டம்மா சொன்னான்? அவங்கன்னா யாரு?"

மிளகு தையல் அறையின் பக்கம் விரலை நீட்டினாள்.

"அவங்க முதல்ல மாட்டேன்னாங்க" என்றாள், தெளிவாக, ஒவ்வொரு வார்த்தையாக. "அப்புறம் அழுதாங்க. அப்புறம் சரின்னாங்க."